குறிப்பக்கா எழுதிய பதினான்கு பக்கங்கள்

செய்யாத தவற்றைத் தன் பெயரில் சுமந்துகொண்டு எங்கள் குறிப்பக்கா இறந்துபோனார். அந்தத் தவற்றை அவர் பெயரில் எழுதியவர்கள் இந்த மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் வணக்கம் சொல்வேன்.

பொது மேலாளர் அவர்களே, மென்பொருள் பிரிவுத் தலைவர் அவர்களே, புகார்ப் பிரிவிலிருந்தும் பழுதுநீக்கும் பிரிவிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் முடிப்பேன் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு முன்னால் பேசிய மென்பொருள் பிரிவுத் தலைவர், "அமைதியானவர்" என்று அக்காவைப் புகழ்ந்தார். யார் அமைதியானவர்? இருபத்திரண்டு வருடம் புகார்ப் பிரிவில் வாய் ஓயாமல் கேள்வி கேட்டவரா? கடைசி இரண்டு மாதம்தான் அவர் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று தலைவருக்குத் தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் திருப்புளி பிடித்துக் கற்றது. பழுதைச் சரிசெய்தால் புகார்க் கோப்பில் "சரி" என்று இரண்டே எழுத்து எழுதுவேன். அக்கா கோப்போடு என் மேசைக்கு வருவார். என்னைவிட வயதில் இளையவர், ஆனால் எல்லோரும் அக்கா என்றதால் எனக்கும் அக்கா.

"சரின்னா என்ன சரிண்ணே? எதைக் கழட்டுனீங்க, எதை மாட்டுனீங்க?"

"மிஷின் ஓடுது. அப்புறம் என்ன?"

"நாளைக்கு உங்க இடத்துல உக்கார்றவன் உங்க மண்டைக்குள்ள எட்டிப் பாக்க முடியுமா? எழுதுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

நிற்பார். எழுதி முடிக்கும்வரை நகரமாட்டார். குறிப்பக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

நாம் செய்வது வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக்கருவி. கரண்ட் போனால் அது அலாரம் அடிக்க வேண்டும். சென்ற வருடம், புகார்களுக்குத் தானாகப் பதில் எழுதும் மென்பொருள் ஒன்றை, ஏஐ முகவர் என்று கொண்டுவந்தார்கள். பழைய புகார்களைத் தேடிப் பார்க்க அதற்கு ஒரு தேடுகருவியும் கொடுத்தார்கள். அந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்று முகவர் படித்துக்கொள்ள ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும். அதை எழுதும் வேலை அக்காவிடம் வந்தது.

அவர் பதினான்கு பக்கம் எழுதினார். வீட்டில் இருப்பவர் "அலாரம் பழுது" என்று சொல்லமாட்டார். "சத்தம் வரல" என்பார், "கத்தல" என்பார், "ஊமையாயிடுச்சு" என்பார். அப்படி நாற்பது விதத்தைக் கோப்புகளிலிருந்து பொறுக்கி, இவை எல்லாவற்றையும் போட்டுத் தேடு என்று எழுதினார். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அப்படி ஒரு பழுதே இல்லை என்று சொல்லாதே, மனிதரிடம் அனுப்பு என்று எழுதினார். ஆறாம் பக்கத்தில் நம் மானத்தை வாங்கும் ஒன்றையும் எழுதினார். இங்கே வாடிக்கையாளர் மூன்று நாள் ஃபோன் எடுக்காவிட்டால் கோப்பில் "முடிந்தது" என்று போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்துப் பழுது சரியானதாக எடுத்துக்கொள்ளாதே, உள்ளே என்ன மாற்றினார்கள் என்று படி என்றார்.

மென்பொருள் பிரிவில் என்ன சொன்னார்கள்? அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, இதை மனுஷனா படிக்கப்போறான்? ஏஐக்கு ஒரு வரி போதும்."

"மனுஷனுக்குப் புரியலன்னா பக்கத்து சீட்டுல கேப்பான். அதுக்குப் பக்கத்து சீட்டு ஏது தம்பி?"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். "பழைய புகார்களைத் தேட இதைப் பயன்படுத்தவும்." பதினான்கு பக்கத்தில் மிஞ்சியது இந்த ஒரு வரி. அதன் கீழே எழுதியவர் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு அம்மா, தன் கணவரின் மிஷினைப் பற்றி எழுதிக் கேட்டார்: கரண்ட் போனபோது மிஷின் கத்தவில்லை. முகவர் தேடியது. அதே பழுதுக்கு ஏழு பழைய கோப்புகள் கிடைத்தன. ஏழிலும் "முடிந்தது". இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட பழுது, அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று பதில் போனது. அவரும் போட்டார். நான்காம் நாள் மத்தியானம் மறுபடி கரண்ட் போனது. அவர் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மிஷின் கத்தவில்லை. அவர் கணவர் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார்.

அதைப் பற்றி நிர்வாகம் நடத்திய விசாரணையின் அறிக்கையில், மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதினீர்கள்? "ஆவணத்தை எழுதியவரின் கவனக்குறைவு." அக்கா தன் பதினான்கு பக்கத்தையும் அறிக்கையோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? உங்கள யாரும் வேலைய விட்டு அனுப்பலையே."

இதுதான் நிர்வாகத்திடமிருந்து அவருக்குக் கிடைத்த பதில். அந்த அறிக்கைதான் அவரைக் கொன்றது என்று சொல்லமாட்டேன். ஒன்பது வருடமாக அவருக்கு இதய நோய் இருந்தது. அவருக்காகக்கூடப் பொய் சொல்ல அவர் என்னை விட்டிருக்கமாட்டார். ஆனால் இரண்டு மாதமாகத் தலை குனிந்து இந்த வாசலில் நுழைந்தாரே, அதற்கு யார் பொறுப்பு?

நானும் பொறுப்பு. அந்த ஏழு கோப்புகளையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். "முடித்தவர்" என்ற இடத்தில் இரண்டில் என் பெயர் இருக்கிறது. அந்த இரண்டு வீட்டுக்கும் நான் போகவே இல்லை. ஃபோன் எடுக்கவில்லை, முடித்துவிட்டேன். அக்காவுக்கு இது தெரியும். விசாரணையில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

எனவே இரண்டு நிமிட மௌனத்தோடு யாரும் எழுந்து போக வேண்டாம். வேலை இருக்கிறது.

பொது மேலாளர் அந்த மூன்றாம் பக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். வெட்டியது யார், எந்தத் தேதியில் வெட்டினார் என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டு, அதை அக்காவின் மகளிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது.

மென்பொருள் பிரிவுத் தலைவர் பதினான்கு பக்கங்களையும் இன்று மாலைக்குள் திரும்ப ஏற்ற வேண்டும். முடியாது என்றால், முடிகிறவரை அலாரம் பற்றிய ஒரு புகாருக்கும் முகவர் பதில் சொல்லக் கூடாது. மனிதர் எடுக்க வேண்டும்.

புகார்ப் பிரிவும் பழுதுநீக்கும் பிரிவும் மூன்று நாள் பழக்கத்தை விட வேண்டும். ஃபோன் எடுக்கவில்லை என்றால் ஃபோன் எடுக்கவில்லை என்று எழுதுங்கள். கை தேய்ந்துவிடாது.

அந்தத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்க நிர்வாகத்தில் ஒருவர் நேரில் போக வேண்டும்.

பழுதுநீக்கும் பிரிவு அந்த ஏழு வீடுகளுக்கும் போய்க் கருவியைத் திறந்து பார்க்க வேண்டும். என் இரண்டுக்கும் இங்கிருந்து நேரே கிளம்புகிறேன், பை வெளியே இருக்கிறது. மீதி ஐந்தை முடித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்து பேரும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் மேடையை விட்டு இறங்கும்போது நீங்களாக எழுந்து என்னோடு வர வேண்டும்.