திருப்பிச் சொல்லாத எண்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. போடியில் ஏலக்காய் போடாமல் டீ கொடுக்கிற ஒரே இடம் உங்கள் அலுவலகம்தான். ஒரு மாறுதலுக்கு நல்லது.

நான் சொல்வதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். அது என் தொழில் பழக்கம்.

பெயர் சிவக்குமார். பெரிய விமான நிலையம் ஒன்றின் டவரில் உட்கார்ந்து, விமானங்களை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவன். என் காலத்தில் ஒரு விமானத்துக்கும் கீறல் விழுந்ததில்லை. அதற்குக் காரணம் என் மூளை இல்லை, ஒரு வழக்கம். தரையிலிருந்து நான் ஓர் எண்ணைச் சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதில் தப்பிருந்தாலும் கேட்டதில் தப்பிருந்தாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். உலகம் பூராவும் இதுதான் நடைமுறை.

பிரதீப்புக்கு மட்டும் விலக்கு.

போடிமெட்டு மலைக் கணவாய்க்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் திருப்பதியின் ஒரே மகன். மற்ற பையன்கள் புல்லட் கேட்கும் வயதில் இவன் விமானம் கேட்டான். அப்பாவும் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, சிலமலையில் சொந்த நிலத்தில் ஓடுபாதையும் போட்டார். ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு ரேடியோ, காற்றையும் அழுத்தத்தையும் காட்டும் கருவிகள், அவற்றுக்கு நடுவே, ஓய்வுக்குப் பிறகு சம்பளத்துக்கு வந்த நான்.

அவன் ரேடியோவில் பேசும் அழகைக் கேளுங்கள்.

"அண்ணே, மெட்டத் தாண்டிட்டேன். மட்டன் வாங்கிட்டாகளா?"

"காற்று மேற்கிலிருந்து பத்து. திருப்பிச் சொல்லுங்க, தம்பி."

"என்னண்ணே, நான் என்ன கிளிப்பிள்ளையா? எலும்பில்லாம வாங்கச் சொல்லுங்க."

அவன் திருப்பிச் சொன்னது மட்டனை மட்டும்தான்.

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவன் வீட்டுக் காதுகுத்தில் மைக்கைப் பிடித்து என் குரலில் பேசிக் காட்டினானே, அதைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. "மணமக்களுக்கு... மன்னிக்கவும், தவறு, குழந்தைக்கு வாழ்த்துகள். திருப்பிச் சொல்லுங்க." பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் போடி பஸ் ஸ்டாண்டில் ஜீப் டிரைவர் மொக்கச்சாமி, "அண்ணே, ஒரு டீ சொல்லவா? திருப்பிச் சொல்லுங்க" என்றான். அதற்கடுத்த நாள் டீக்கடைக்காரரே கேட்டார். பிறகு காய்கறிக்காரி. இந்த வயதில் ஊருக்குச் சிரிப்பு மூட்டக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், இல்லையா?

என் கவலையெல்லாம் அவன் பாதுகாப்பு பற்றித்தான். அதை அழுத்தி எழுதுங்கள்.

ஒரு கருவியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். விமானத்தில் உயரம் காட்டும் மானி, காற்றழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவது. அன்றைய அழுத்தம் இவ்வளவு என்று தரையிலிருப்பவன் சொல்வான். விமானி அந்த எண்ணைத் திருகி வைப்பான். எண்ணில் பத்தைக் கூட்டிச் சொன்னால் முள் முந்நூறு அடி கூட்டிக் காட்டும். மேலே இருக்கிறோம் என்று நினைத்தபடி கீழே பறக்கலாம். பிரதீப் மெட்டு முகட்டைத் தாண்டும்போது இருநூறு அடிக்கு மேல் இடைவெளி விடமாட்டான். முகட்டு டீக்கடையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக் கையாட்ட வேண்டுமாம். மலை நெருங்கினால் கத்துகிற கருவி ஒன்றும் உள்ளே இருந்தது. பாட்டுக் கேட்க இடைஞ்சல் என்று அதை அணைத்துவைத்திருந்தான்.

அன்று கொச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தான். மெட்டு முழுக்க மேகம்.

"அண்ணே, வெரசா வர்றேன். எப்படியிருக்கு மேல?"

"முகடு தெரியலை, தம்பி. மேகம் மூடியிருக்கு."

உண்மையைத்தான் சொன்னேன்.

"முள்ளைப் பாத்து வந்துருவோம். நம்பரச் சொல்லுங்க."

கருவி காட்டியது ஆயிரத்துப் பதிமூன்று. நான் ஆயிரத்து இருபத்து மூன்று என்றேன்.

அவசரப்பட்டுக் கொலை என்று எழுதிவிடாதீர்கள். பாடம் என்று எழுதுங்கள். அவன் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லியிருந்தால், "தவறு, பதிமூன்று, திருத்திக்கொள்ளுங்க" என்று நான் சொல்லியிருப்பேன். அதற்காகவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பிச் சொல்லாததற்கு அவன்தான் பொறுப்பு. ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இன்று எலும்பில்லாத மட்டன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

இதுவரை மற்ற அதிகாரிகளிடம், அவன் எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். நீங்கள் கொட்டகை ரேடியோவின் ஒலிப்பதிவைத் தேடி எடுத்துவிட்டீர்கள். பொறுமைசாலி நீங்கள். வாழ்த்துகள்.

ஆமாம், அந்தப் பெண் குரல். முத்துப்பிரியா. பிரதீப்பின் சித்தப்பா மகள். பெங்களூரில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தவள், விடுமுறைக்கு அண்ணனோடு ஏறி வந்திருக்கிறாள். அவள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. அந்தக் குரல் வரும்வரை தெரியாது.

பின்னால் பிரதீப் சிரிப்பது கேட்கிறதல்லவா? "அவருக்கு நீ கிளிப்பிள்ளை மாதிரி சொல்லு, ஆத்தா. அண்ணனுக்குச் சந்தோசமா இருக்கும்." அதற்குப் பிறகு அவள், ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி: "ஒன்று, பூஜ்யம், இரண்டு, மூன்று. சரிதானுங்களா சார்?"

அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. பதிவு கெட்டுவிட்டதோ என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கெடவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிலமலைக்கு வந்த நாளிலிருந்து அந்த ரேடியோவில் ஒருவர் என் எண்ணைத் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை, ஐயா. ஓர் எழுத்துப் பிசகவில்லை. 'சார்' வேறு. அவ்வளவு அழகாகச் சொன்ன பெண்ணிடம் போய் 'தவறு' என்று எப்படிச் சொல்வது?

"சரி" என்றேன்.

எழுதிவிட்டீர்களா? எங்கே, ஒருமுறை படித்துக் காட்டுங்கள். தப்பிருந்தால் உடனே சொல்லிவிடுகிறேன்.