பொண்ணு வீட்டில் பேச வேண்டிய பேச்சு

உரிமை உரிமைன்னு வக்கீலம்மா இந்த மேடையில அரை மணி நேரம் சொன்னாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, நான் பத்தாவதோட நின்னவன். அந்தப் பாதியை ஒரு சின்னக் கதையா சொல்லிட்டு இறங்கிடுறேன்... கேப்பீங்கதானே?

எங்க தெருவுல பொன்னுரங்கம்னு ஒருத்தர். அவர் பையன் மணிமாறன், பைக் மெக்கானிக். ரெண்டு வருஷமா பையனுக்குப் பொண்ணு தேடுறார். போற வீட்டுல எல்லாம் பையன் பெருமையை அவிழ்த்து விட்டாருன்னா, காபி ஆறிப்போகும், பேச்சு ஆறாது. நானும் பிள்ளை பெத்தவன், என் கதையும் அதேதான். என் பொண்டாட்டி மேஜைக்கு அடியில காலை மிதிப்பா. அவருக்கு மிதிக்க ஆள் இல்ல.

ஒருநாள் காலையில போலீஸ் வந்து மணிமாறனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போச்சு. பக்கத்துத் தெருவுல வண்டி திருடு போயிருக்கு, சந்தேகம். பொன்னுரங்கம் பின்னாடியே ஓடினார்.

எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான். நாற்காலி போட்டு, "உக்காருங்க பெரியவரே. பையன் எப்படி?"ன்னார்.

பையன் எப்படி... இந்த ஒரு கேள்விக்குத்தானே மனுஷன் ரெண்டு வருஷமா தயாரா இருக்கார்?

"தங்கம் சார். கைராசிக்காரன். சாவி தொலைஞ்ச வண்டியா? ஒரு கம்பி போதும் சார், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடுவான்."

"அப்படியா?"

"ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் கிளம்பிடுவான் சார். பக்கத்துத் தெரு பூரா இவனுக்கு அத்துப்படி."

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு பேனாவை எடுத்தார்.

மணிமாறன் மெதுவா சொன்னான்: "அப்பா... இது பொண்ணு வீடு இல்லப்பா."

அப்புறம் எஸ்.ஐ.கிட்ட, "சார், என் பேரு, வீடு, வேலை எல்லாம் சொல்லிட்டேன். மத்ததை வக்கீல் வந்ததும் பேசுறேன்."

"தப்பு பண்ணலன்னா பேசுறதுக்கு என்னடா பயம்?"

பையன் பேசல.

"பேசாம இருந்தா நீதான்னு நினைப்பேன்."

அப்பவும் பேசல. பொன்னுரங்கம் மனசுக்குள்ள கெஞ்சுறார்: 'ஐயோ, ஒரு வார்த்தை சொல்லேண்டா...'

மத்தியானம் இதோ உக்காந்திருக்காங்களே, இந்த வக்கீலம்மாதான் போனாங்க. "இவன்மேல என்ன இருக்கு சார்?"

எஸ்.ஐ. சொன்னார்: சாவி இல்லாம வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியும், ராத்திரி வெளிய போவான், அந்தத் தெரு பழக்கம்.

"இது அப்பா சொன்னது. பையன் என்ன சொன்னான்?"

"...ஒண்ணும் சொல்லல."

"வேற ஏதாவது?"

வேற எதுவும் இல்ல. சாயங்காலம் ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தாங்க.

நிஜத் திருடன் பிறகு வேற ஊர்ல மாட்டினான். அவன் மாட்டாமலே போயிருந்தாலும் மணிமாறன் பேசாம இருந்தது சரிதான். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அப்பாமார்களே, அம்மாமார்களே... நாம பயத்துல பேசுறோம், பாசத்துல பேசுறோம், மரியாதைக்குப் பேசுறோம். பேசலன்னா தப்பா நினைப்பாங்களோன்னு பேசுறோம். நினைக்கட்டுமே... நினைப்பை வெச்சு ஜெயில்ல போட முடியுமா? நாம எடுத்துக் கொடுத்த வார்த்தையை வெச்சுப் போடலாம். அதனால மரியாதையா பேரைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க, வக்கீல் வேணும்னு கேளுங்க. உங்களையே சிக்க வைக்கிற கேள்விக்கு வாயைத் திறக்க வேண்டாம்னு சட்டமே சொல்லுது. அது திமிர் இல்ல, உங்க உரிமை.

பிள்ளை பெருமையா? தாராளமா பேசுங்க... பொண்ணு வீட்டுல.