வளைவுக்கு அந்தப் பக்கம்

— ஸ்டேஷன் எப்ப கட்டினதுன்னு கேட்டீங்க, சரி. அதுக்கு எதுக்கு பாஸ் ஒவ்வொரு வீட்டையும் எட்டி எட்டிப் பாக்கறீங்க?

— சும்மாதாண்ணே. தண்டவாளத்துக்கு இவ்ளோ ஒட்டி வீடு இருக்கேன்னு பாத்தேன்.

— நேரா உக்காருங்க, விழுந்துடுவீங்க. மூங்கில் பலகை, தண்டவாளத்து மேல ஓட நாலு குட்டிச் சக்கரம், பின்னால தள்ற இந்த டெலியோவோட காலு. சான் ரோக்கே ஸ்டேஷனுக்கு இப்ப இதான் எக்ஸ்பிரஸ். சாயோங் அக்கா, கூடைய கொஞ்சம் நகத்துங்க.

— நகத்திட்டேன். தம்பி, என் பொரிச்ச வாழைப்பழத்து மேல உக்காந்துடாதீங்க. ஆமா, ஷூ பளபளன்னு இருக்கே, எந்த ஆபீஸ்?

— பழைய ஷூதாங்க்கா. என் பேரு ஃபெர்மின். ஸ்டேஷன் பத்தித் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்.

— போன வருசம் பக்கத்து ஸ்டேஷனுக்கும் ஒருத்தன் வந்தான், இப்படித்தான் வரலாறு கேட்டுக்கிட்டு. வாழைப்பழம்கூட வாங்கித் தின்னான், மகராசன். மறு மாசம் எல்லார் வீட்டுக் கதவுலயும் செவப்பு பெயின்ட்ல நம்பர், இடிக்கறதுக்கு!

— அக்கா, சும்மா இருங்க. சொல்றேன் பாஸ். ஸ்பெயின்காரன் காலத்து ஸ்டேஷன் இது. சண்டைல எரிஞ்சு போச்சு, அப்புறம் தகரக் கூரை போட்டாங்க. தெக்க பிக்கோல் வரைக்கும் போற மெயில் இங்க நின்னு தண்ணி புடிச்சுட்டுப் போகும்னு எங்கப்பா சொல்வாரு.

— ஆபீஸ் போறவங்க ரயிலெல்லாம்?

— காலைல மணிலாவுக்கு, சாயங்காலம் திரும்ப. பொம்பளைங்களுக்கு மொதப் பெட்டி. அப்புறம் லைன் வேலைன்னு மூடினாங்க, வருசக்கணக்காச்சு. ரயில் வருது வருதுன்னு தேர்தலுக்குத் தேர்தல் சொல்றாங்க. எறங்குங்க, எறங்குங்க! எதிர்ல இன்னொரு தள்ளுவண்டி வருது.

— அவங்க எறங்கக் கூடாதா?

— அதுல ஆறு பேர், நம்மகிட்ட ரெண்டு பேர். ஆள் கம்மியா இருக்கற வண்டிதான் தண்டவாளத்த விட்டு எறங்கணும். எங்க ஊர் சட்டம் அது.

— இருங்கண்ணே, பலகைய ஒரு ஓரம் நான் புடிக்கறேன்.

— டெலியோ, இங்க வா. அந்தாளு தண்டவாளத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான் பாரு. வீடு கணக்கெடுக்க வந்தவன்தான்.

— மெதுவா பேசுக்கா.

— இந்தப் பக்கத்து வீடெல்லாம் ஏற்கனவே கணக்குல ஏறிடுச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம் நாம இருக்கறது எவனுக்கும் தெரியாது. தெரிஞ்சா லாரில அள்ளிப் போட்டுட்டுப் போய் ஏதாவது மலையடிவாரத்துல கொட்டிடுவானுங்க. அங்க நான் வாழைப்பழத்த யாருக்கு விக்கறது, கொரங்குக்கா?

— அங்க கூட்டிட்டுப் போகவே மாட்டேன். வாயத் தெறக்காத. வாங்க பாஸ், ஏறுங்க!

— டெலியோண்ணே, அந்த வளைவுக்கு அப்பால என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. வெறும் புல்லு. தண்டவாளமே கோணல், வண்டி போகாது. ஸ்டேஷனோட சரி.

— புகை தெரியுதே?

— குப்பை எரிக்கறாங்க.

— யாரு எரிக்கறது?

— காத்து! தானா பத்திக்கும் தம்பி, வெயில் அப்படி.

— சேவல் கூவுதேக்கா.

— அது யாரோ விட்டுட்டுப் போன சேவல்.

— மணிலாவுல பொண்டாட்டிய விட்டுட்டுப் போவான், சேவல எவன்க்கா விட்டுட்டுப் போவான்?

— சிரிக்காதீங்க பாஸ். இவ்ளோ கேள்வி எதுக்கு? நெசமாவே நீங்க யாரு?

— சொல்றேண்ணே. மொதல்ல நீங்க சொல்லுங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லையா? குழந்தை குட்டி, யாருமே?

— ஸ்டேஷன் வந்தாச்சு. எறங்குங்க.

— எறங்கிட்டேன். சொல்லுங்கண்ணே.

— யாரும் இல்ல.

— சத்தியமா?

— குழந்தை ஏசு மேல சத்தியம்! போதுமா? அக்கா, நீயும் சொல்லு.

— நான் எதுக்கு... ஆமா தம்பி. அங்க யாரும் இல்ல.

— அப்பாடா! ஆபீஸ்லயும் அதேதான் சொன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கல. ஆள் இருந்தா முன்னாடியே ஹார்ன் அடிச்சு, ஊர்ந்து போகணும்னு நெனச்சிருந்தேன். இனிமே வேகத்தக் கொறைக்க வேணாம்.

— எதோட வேகத்த?

— ரயிலோடதாண்ணே. இந்தத் தடவ நெசமாவே வருது, நாளைக்குக் காலைல. மொத வண்டிய நான்தான் ஓட்டறேன். ஆபீஸ் ஆளு மாதிரி வந்தா ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டாங்கன்னுதான் சட்டைய மாத்திக்கிட்டு வந்தேன்.

— டெலியோ...

— வேற லைன்ல ஒருதடவ, இதே மாதிரி ஒரு வளைவுல, யாரும் இல்லன்னு சொன்னாங்கக்கா. ஒரு பையன் இருந்தான். அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் புண்ணியம் கட்டிக்கிட்டீங்க. வரேன்.

— டெலியோ! அந்தாள நிறுத்துடா!

— பாஸ், போகாதீங்க, நில்லுங்க! வந்து ஏறுங்க, ஒவ்வொரு வீடா நானே காட்டறேன், என் வீட்லேர்ந்து ஆரம்பிங்க. தெனம் காலைல தலைக்குக் குளிச்சுட்டு அந்தத் தண்டவாளத்துல உக்காந்துதான் என் பொண்ணு முடி காய வைப்பா!