பாஸ்பேட் காட்டின கோடு

அட, அந்தக் குடுவையக் கீழ வை தம்பி. மூணு வாரமா அதையே கழுவிக் காயவெச்சுக்கிட்டிருக்க. உக்காரு, டீ ஆறுது.

என்னது, கடுதாசி எழுதிட்டியா? பிர்னோ யுனிவர்சிட்டியில உன் ஆராய்ச்சி இடத்தயே விட்டுடறேன்னா? ஒரு சோதனை வரலேங்கறதுக்கா? அனுப்பாத, கொஞ்சம் பொறு.

எங்க சோதனையத் திருப்பிப் பண்ணிப் பாக்க வந்ததுல நீ ஆறாவது ஆளு. உனக்கு முன்னாடி வந்த அஞ்சு பேரும் இதே ஸ்டூல்ல உக்காந்து அவங்கவங்க கையத்தான் நொந்துக்கிட்டாங்க. ஒருத்தி ஆராய்ச்சியே வேணாம்னு போயிட்டா. ப்ரொஃபசர் குலிக் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வெச்சிருப்பார், குடுவையில ஈரம் இருந்திருக்கும்னு. உன்கிட்டயும் அதானே சொன்னார்?

சேச்சே, அவரத் திட்டாத. நல்ல மனுஷன். ஊரெல்லாம் பாறை பாஸ்பேட்ட உலையில போட்டு, வெள்ளை பாஸ்பரஸ் எடுத்துத்தான் மத்த பாஸ்பரஸ் சரக்கெல்லாம் பண்றான். அது காத்து பட்டாலே பத்திக்கும். இவரோட அண்ணன் கை அதுலதான் வெந்து போச்சு. உரத்துல கெடக்கிற சாதா பாஸ்பேட்லேருந்தே நேராப் பண்ணிட்டா என்னன்னு எட்டு வருஷம் மல்லுக்கட்டினார்.

அது பலிச்ச அன்னிக்குக் கொழுத்த வியாழன், தவக்காலத்துக்கு முன்னாடி ஊரே இனிப்பு தின்னுற நாள். பேக்கரியில வரிசை நீளும், சர்க்கரை தூவின போன்ச்கி பன்னு தீந்துடும், நான் ஓடணும். அவசரமா சோதனை மாதிரிய டியூப்ல ஊத்தி, உள்ள என்ன சரக்கு இருக்குன்னு திரையில கோடு போட்டுக் காட்டற மெஷின்ல வெச்சுட்டு ஓடிட்டேன். திரும்பி வந்தா, மனுஷன் திரை முன்னாடி அழுதுக்கிட்டிருக்கார். கோடு வந்திருக்கு, எங்க வரணுமோ அங்கயே. என்னக் கட்டிப்பிடிச்சதுல சட்டையெல்லாம் சர்க்கரை. கட்டுரையில குடுவை கழுவறவ பேரையும் சேத்துட்டார். லுத்மிலா வ்ரோனா, நான்தான். அந்தப் பக்கத்த வீட்டுல சமையக்கட்டுல மாட்டி வெச்சிருக்கேன்.

மறுநாள் திருப்பிப் பண்ணினா கோடு வரல. அதுக்கு மறுநாளும் வரல. ஈரம்னார். அவர் மொகத்தப் பாக்க முடியல தம்பி. அடுத்த வாட்டி வந்துடுச்சு.

எப்படி வந்துச்சா? முந்தின நாள் பழைய முறையில பண்ணின சரக்கு இருந்த டியூப் அது, திரையில தெரிஞ்ச கோடு அந்த மிச்சத்தோடது. வியாழக்கிழமை கழுவாம விட்டேனே, அது அவசரத்துல. அப்புறம் விட்டது தெரிஞ்சேதான்.

ஆறு வருஷமாச்சு, அவர்கிட்ட இன்னும் சொல்லல. அவர் அறைக் கதவு வரைக்கும் போவேன், திரும்பிடுவேன். உள்ளதான் இருக்கார். நீ பக்கத்துல நின்னா கதவத் தட்டிடுவேன்.