மீன் இல்லாத தொட்டி

கடல்நீர்த் தொட்டி வைப்பதற்கு மலை நல்ல இடம். கீழே ஈப்போவில் வைத்திருப்பவர்கள் தண்ணீர் சூடாகாமல் இருக்கப் பெரிய குளிரூட்டி வாங்குகிறார்கள். ரிங்லெட்டுக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டில், சின்னச் சூடேற்றி ஒன்று போதும்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் என் கணவரைப் பற்றித்தான் கேட்டீர்கள். தொட்டியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் நானும் எல்லோரையும் போல மீன்தான் வளர்த்தேன். மஞ்சள் மீன், பார்க்க அழகு. ஆனால் கல்லில் வேறு எதுவும் தங்கவில்லை. நூல் போன்ற புழுவோ நொய்யளவு இறால் பூச்சியோ தலைகாட்டினால் கொத்தித் தின்றுவிடும். மீன் கடைக்காரர் சிரித்தார். "பெருசு ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்தா சிறுசுங்க எப்படிக்கா வெளிய வரும்?" மீனை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஆளுக்கு ஒரு பிடி மணலும் ஒரு துண்டுக் கல்லும் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். ஒவ்வொரு வீட்டு மணலிலும் வேறு வேறு உயிர் இருக்கும். தொட்டியின் பின்பக்கம் பாசி வளர ஓர் அறை தடுத்தேன். சில மாதங்களில் கல் அசையத் தொடங்கியது. மயிரிழை போன்ற கைகளை நீட்டும் நட்சத்திரங்கள், கண்ணாடியில் ஊரும் நத்தைக் குஞ்சுகள், வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளும் பூச்சிகள், பெயர் தெரியாதவை. நான் இருந்த வீட்டில் ஏதோ ஒன்று பயமில்லாமல் வெளியே வந்தது அப்போதுதான்.

என் கணவர் ராதாகிருஷ்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். குரல் பெரியது. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நானும் மகள் மோகனாவும் பேச்சை நிறுத்திவிடுவோம். மோகனா சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். இன்றும் போனில் மெதுவாகத்தான் பேசுவாள்.

நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தபோது ஒருநாள் தன் கோப்பியைத் தொட்டியில் ஊற்றினார். "உன் பூச்சிங்களுக்கும் பசிக்கும்லா. மீனே இல்லாத தொட்டியில என்னத்தடி பாத்துக்கிட்டு நிக்கிற?" எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீரை மாற்றினேன். பாதிக்கு மேல் செத்திருந்தன. மறுபடி மணல் கேட்டு வாங்கினேன்.

அவருக்கு மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் வந்தது. தொட்டியில் குமிழி விடும் பம்ப்பை நான் காத்து மெஷின் என்பேன். தன்னுடையதற்கும் அவர் அதே பெயரை வைத்தார். "உனக்கு ஒரு காத்து மெஷின், எனக்கு ஒரு காத்து மெஷின். சரியாப் போச்சு." வேடிக்கையாகப் பேசக்கூடியவர்தான். கரண்ட் போனால் உதவட்டும் என்று அவர் தங்கை கங்கா ஈப்போவிலிருந்து ஒரு பேட்டரிப் பெட்டி அனுப்பினாள். அதில் ஒரு பிளக்தான் செருகலாம்.

மண் சரிந்து கரண்ட் போன அன்று மத்தியானம் நல்ல மழை. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், அவசரப்படவில்லை. காற்று நின்றால் தொட்டியில் ஒன்று சாகும், அது அழுகி மற்றவையும் சாகும். அவர் ஒருவர். தொட்டிக்குச் செருகினேன்.

கங்கா போன் செய்தாள். "அண்ணி, அங்க கரண்ட் இல்லையாம். காத்து மெஷின் ஓடுதா?"

"ஓடுதும்மா."

நான் பொய் சொன்னதாக அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு லாரிக்கார தர்மாவும் நனைந்துகொண்டு வந்தான். "அக்கா, ஜெனரேட்டர் கொண்டாரவா? அண்ணன் எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு தம்பி. பேட்டரி இருக்குலா. மழையில அதத் தூக்கிக்கிட்டு அலையாத, இடுப்புப் புடிச்சுக்கும்."

அவன் வாசலில் நின்றபடியே ஒயர் எங்கே போகிறதென்று பார்த்திருக்கிறான். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பிள்ளை மழையில் கஷ்டப்பட வேண்டாமே என்றுதான் சொன்னேன்.

என் கணவர் தூங்கவில்லை. அவருக்குத் தொட்டியின் குமிழிச் சத்தம் கேட்டது. கையைத் தூக்கிக் காட்டினார்.

"நவமணி... மாத்து."

எப்போதும் ஏய் என்றுதான் கூப்பிடுவார். பல வருஷத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவரைத் தனியாக விடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூச்சு நின்ற பிறகு பேட்டரியை அவர் மெஷினுக்கு மாற்றினேன். குழாயைச் சரியாக வைத்துவிட்டுத் தர்மாவைக் கூப்பிட்டேன்.

அத்தனை சின்ன உயிர்களைக் காப்பாற்ற அவரைக் கொன்றேன். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

தொட்டியைப் பார்க்கப் போன உங்கள் ஆள் நாற்றம் தாங்காமல் வெளியே வந்ததாகச் சொன்னீர்கள். இருக்கும். தகனம் முடிந்த மறுநாளே பிளக்கை நான்தான் கழற்றினேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. இனி அது எதற்கு என்று தோன்றியது.