மூன்றாம் பிரிவில் கட்டிய துணி

சரளைப் பாதையில் போகிற சைக்கிளுக்குக் காற்று கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கல் மாதிரி அடித்து வைத்தால் சக்கரம் துள்ளும், கைப்பிடி கையில் நிற்காது. நீ சைக்கிளில்தான் போகப்போகிறேன் என்று சொன்னாய். அதனால் முதலில் இதை எழுதுகிறேன், மருதாள் அம்மிணி.

நேற்று நீ சாயப்பட்டறைக்கு வந்து இரண்டு கேள்வி கேட்டாய். உன் புருஷன் சென்னிமலை விழுந்த இடத்துக்கு எப்படிப் போவது என்பது ஒன்று. இன்னொன்றை என் மேஜைமேல் எடுத்து வைத்தாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் செருப்போடும் துண்டோடும் போலீஸார் உன்னிடம் கொடுத்த பனியன் துணி. கிளையோடு ஒடித்து எடுத்ததால் முடிச்சு அப்படியே இருந்திருக்கிறது. இப்போதுதான் அவிழ்த்திருக்கிறாய்.

“ஏனுங் மாஸ்டர், வெளிய வெள்ளையா இருக்குதுங்க. முடிச்சுக்குள்ள செவப்பு இருக்குது. மழைக்குப் போற சாயமுங்களா இது?” என்றாய்.

பத்து வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற கண். போலீஸாருக்கு அது இல்லை. “நாளைக்குச் சொல்றேன் அம்மிணி” என்று உன்னை அனுப்பி வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன்.

உடுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூரைமேல் கட்டிய சைக்கிளை இறக்கிக்கொண்டு தெற்கே அணை ரோட்டில் போ. அணைக்கரை முடிகிற இடத்தில் தார் முடிந்துவிடும். அதற்கப்புறம் மலையை ஒட்டி, தண்ணீரைச் சுற்றிக்கொண்டு சரளைதான். அந்தப் பாதைகளை முதலில் கண்டுபிடித்தவன் நான். எண்பத்து நான்கில் இந்தச் சைக்கிள் கூட்டத்தைத் தொடங்கினேன். ஆறு நாள் நீராவியிலும் பஞ்சுத் தூசியிலும் வெந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று வாங்கட்டும் என்றுதான். முதலாளி டெம்போ கொடுத்தார். பதினோரு பேர் வருவார்கள். நான் முன்னால் போவேன், மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

பாதை பிரிகிற இடங்களில் கட்டிங் வேஸ்ட் துணியைக் கிளையில் கட்டும் பழக்கமும் என்னுடையது. வெள்ளை கட்டியிருந்தால் அந்தப் பக்கம் போகலாம். சிவப்பு கட்டியிருந்தால் போகக் கூடாது. ஒரு பிரிவுக்கு ஒரு துணிதான், இரண்டு கட்டினால் குழம்புவார்கள். சனிக்கிழமையே போய்ப் பார்த்துக் கட்டிவிட்டு வருவேன். ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட வந்ததில்லை.

உன் புருஷன் தொண்ணூற்று இரண்டில் சேர்ந்தான். நல்ல கால் பலம். அடுத்த கோடையிலேயே ஒரு புது வழி கண்டுபிடித்தான். நானும் போய்ப் பார்த்தேன். என் வழியைவிட ஆறு கிலோமீட்டர் குறைவு, முள் கிடையாது, ஒரு மேட்டில் ஏறினால் மொத்தத் தண்ணீரும் தெரியும். நல்ல வழி என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. எல்லோரும் அதை ‘சென்னிமலை வழி’ என்றார்கள். பொறாமை என்று நீ நினைத்துவிடக் கூடாது. அந்தக் குணம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. கூட்டம் என்றால் வழி சொல்கிறவன் ஒருவன்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு அணைக்கரை டீக்கடையில், இந்த வாரம் என் வழியில் போகலாம் என்றேன். “அது முள்ளுப் பொறுக்கற வழியுங்க மாஸ்டர்” என்றான் அங்கமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். உன் புருஷன் சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்லாதீங்க. மாஸ்டர் போட்ட வழியிலதானுங்க நானே பழகுனேன்” என்றான். அவர்கள் சிரித்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அவன் வழியில் மூன்றாவது பிரிவில், இடப்பக்கம் தண்ணீரை ஒட்டி இறங்குகிற பாதையில்தான் அவன் எப்போதும் போவான். அந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நானும் ராமரும் போனோம். இறக்கத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வளைவு தாண்டும்வரை தெரியாது. ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். முப்பது அடி இருக்கும். கீழே முழுக்கப் பாறை.

ராமருக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். “அண்ணே, விழுந்தா எலும்புகூட மிஞ்சாது. நாளைக்கு எல்லார்ட்டயும் சொல்லிப்புடுங்க” என்றான்.

“துணி கட்டறமல்ல, அது சொல்லும். நானும் சொல்லிப்போடறேன்” என்றேன்.

அவன் கண்முன்னால்தான் சிவப்பைக் கட்டினேன். பின்னால் போலீஸில் சத்தியம் செய்து சொன்னான், பாவம். துணியை யாராவது ஆடு மேய்ப்பவர்கள் மாற்றியிருப்பார்கள் என்று எழுதி முடித்தார்கள். பாலம் போனது எந்தப் பிரிவில் என்று, துணி மாறியதால் நானும் குழம்பிவிட்டேன் என்றேன், நம்பினார்கள். ஊரில் உன் புருஷன் வேகமாகப் போய் விழுந்தான் என்று பேசினார்கள். அது சரியில்லை. அவன் நிதானமாக ஓட்டுகிறவன்.

பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சிவப்பு ஒன்று இருக்கிறது. பருத்தியில் அது பிடிக்காது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் வெளுத்துவிடும். தண்ணீர்க் குழாயடியில் வைத்து மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன். முடிச்சுக்குள் இருப்பது போகாது என்பது எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் தொழில் செய்தவன் செய்யக் கூடாத தவறு.

அந்தப் பாலம் போவதற்கு முன்பே, ஆவணியிலேயே, அந்தத் துணி என் சட்டைப்பையில் இருந்தது. எங்கே கட்டுவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. ராமரைக் கூட்டிப் போனதும் யோசித்துத்தான். அவனுக்கு மறுநாள் ஞாயிறு ஷிப்ட். ஆனால் முடிவை நான் செய்யவில்லை, அம்மிணி. மழையிடம் விட்டேன். பெய்யாமல் இருந்திருந்தால் சிவப்பைப் பார்த்துத் திரும்பியிருப்பான். ஐப்பசியில் அந்த மலையில் தினமும் நாலு மணிக்கு மழை இறங்கும் என்பது வேறு விஷயம்.

ஞாயிறு காலையில் அவனைக் கூப்பிட்டு, “நீ முன்னால போ கண்ணு, உன்ற வழிதானே” என்றேன். ஒன்பது வருஷத்தில் அந்த இடத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது பிரிவில் நின்று துணியைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். “வெள்ளைதானுங்களே மாஸ்டர்?” என்றான்.

“வெள்ளைதான்” என்றேன்.

அது பொய் இல்லை. அப்போது வெள்ளையாகத்தான் இருந்தது.

நான் இரண்டாவதாகப் போனேன். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துக் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினேன். முந்தின நாள்தான் புது ரப்பர் போட்டிருந்தேன். ஒன்பது பேர் உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்லி அந்தப் பொங்கலுக்குக் கம்பெனியில் எனக்குச் சால்வை போட்டார்கள். நீயும் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். அன்றைக்கு மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கேள்விக்கு இதுதான் பதில். உன் புருஷனைக் கொன்றவன் நான். இதைப் போலீஸில் கொடுக்க வேண்டுமென்றால் கொடு, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்த்துவிடு. பாலம் இன்னும் கட்டவில்லை. பிரிவிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து இறங்கு. அங்கே சிவப்பு கட்டியிருக்கும். இது பருத்திக்கான சாயம், போகாது.

ஒருவேளை வழி தவறினால் ஆடு மேய்ப்பவர்களைக் கேள். சென்னிமலை வழி என்று கேட்காதே, இப்போது அங்கே யாருக்கும் தெரியாது. மாஸ்டர் வழி என்று கேள். சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.