வார் அறுந்த காலை

ஹலோ... ஆமா, ஆமா, அறுபத்து நாலாயிரத்து முன்னூறு. காதுல விழுந்துச்சு மாப்ளே, மூணு தடவை சொல்லிட்ட... வார் அறுந்து குதிரை மேலேருந்து விழுந்தவன் நீ. கெட்டுப்போன சேணத்துக்கு விலையும் உன் தலையில. அநியாயம்தான்... அநியாயம்தான்டா, நான் எங்க இல்லன்னேன்? உன் பேர்ல கடன் எழுதினது லாயத்து மேஸ்திரி, தப்பு மேஸ்திரி மேல. நீ மொதல்ல அந்த ஆளை விடு.

...கட்டிப் போட்டிருக்கியா? எதுல?... சேணம் மாட்டுற கட்டையிலயா. எந்தக் கயிறு?... அட பாவி, அது குதிரையை நடத்திக் கூட்டிட்டுப் போற கயிறுடா. இழுக்க இழுக்க இறுகும். கொஞ்சம் தளர்த்து, கை நீலமாயிடும்... ஆகட்டுமா. நல்லா ஆகட்டுங்கற. சரி.

கதவு?... உள்ள தாழ்ப்பாளா. வெளிய இடிக்கிறது யாரு... காவல்காரனா. இடிக்கட்டும். அவனுக்கு வேற என்ன வேலை.

மாப்ளே, இங்க கேளு. நீ விழுந்தது எத்தனை மணிக்கு?... ஏழரை. இப்ப ஒம்போது. ஒன்றரை மணி நேரமா ஒடிஞ்ச தோள் எலும்போட நிக்கிற. வலிக்கலையா?... கோவத்துல தெரியாது. கோவம் இறங்கட்டும், அம்மான்னு அலறுவ... கோவக்காரி எங்க?... குதிரையைத்தான்டா கேக்குறேன், உங்கக்காவ இல்ல... வெளியவே நிக்குதா? வேர்வையோடயா? இந்தப் பனியிலயா? முதுகு மேல ஒரு கம்பளியாவது போட்டியா?... போடல. மேஸ்திரியைக் கட்ட நேரம் இருந்துச்சு, கம்பளி போட நேரம் இல்ல...

என்ன சத்தம் அது?... டேய்! எதால அடிச்ச?... அங்கவடியாலயா! கால் வைக்கிற இரும்புடா அது, சுத்தியல் கனம் இருக்கும். எங்க பட்டுச்சு?... வாய்லயா. பல்லு?... ரெண்டா? கீழ குனிஞ்சு எண்ணிப் பாத்தியா நீ?... நான் சிரிக்கல. இருமினேன். ரெண்டு நாளா இந்தக் காய்ச்சல் என்னைப் போட்டு அடிக்குது. நான் வேலைக்கு வந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்காது...

ஆமா. ஆமா. சேணம் போட்டது மேஸ்திரி. எனக்குப் பதிலா அவர் போட்டாரு. ஆமா... நீ விழுந்ததும் உன்னைத் தூக்கலையா?... சேணத்தையா? உன்னை மண்ணுல விட்டுட்டுச் சேணத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரா? அங்கயே விலையும் சொன்னாரா?... ம். ம்... மாப்ளே, அந்த இடத்துல நான் நின்னிருந்தா நானும் ஒண்ணு விட்டிருப்பேன். ஒண்ணு. ரெண்டு கூட விட்டிருப்பேன். ஆனா கையால. நீ போன தடவை லாரி டிரைவர் தாடையை உடைச்சுட்டு எட்டு மாசம் உள்ள இருந்தவன். இந்த ஆளு செத்துட்டா எட்டு மாசமில்ல, எட்டு வருஷத்துலயும் வெளிய வர மாட்ட...

சரி, சரி, கத்தாத. அவர்தான் வாரை அறுத்தாருங்கற. கத்தி வச்சு அறுத்தாருங்கற. கண்ணால பாத்தியா?... பாக்கல. அப்ப வாரைப் பாப்போம். எடு... எந்த வாரா? வயித்துக்கு அடியில இழுத்துக் கட்டுறது. அறுந்த துண்டு. பக்கத்துல கிடக்கா?... முனையைப் பாரு. கத்தி வச்ச முனைன்னா சீவின மாதிரி வழவழன்னு இருக்கும். இது எப்படி இருக்கு?... பிசிறு பிசிறா. ஆமா. இப்ப அதை மடக்கு... ஒரு கையால எப்படின்னா? போனைக் கழுத்துல இடுக்கித்தானே வச்சிருக்க, இரும்பைக் கீழ வச்சுட்டு மடக்கு... வைக்க மாட்ட. சரி, சுவத்துல வச்சுக் கட்டை விரலால அழுத்து... சத்தம் கேட்டுச்சா? பட்டுனு?... பாத்தியா. நல்ல தோலு மடங்கும். இது சருகு மாதிரி உடையுது. இதை யாரும் அறுக்கல மாப்ளே. இது காய்ஞ்சு போச்சு. நெருப்புப் பக்கம் வச்சா இப்படித்தான், தோல்ல இருக்கிற எண்ணெயெல்லாம் போயி வெறும் சக்கைதான் மிஞ்சும்...

இல்ல. இல்லடா. நெருப்புல வச்சது மேஸ்திரின்னு நான் சொல்லவேயில்ல. நீயா ஏன்... டேய்! டேய் நிறுத்து! நிறுத்துடா நாயே! எங்க அடிச்ச?... முட்டியிலயா? அவர் கத்துறது எனக்கு இங்க கேக்குது. அய்யய்யோ. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்...

ஹலோ. ஹலோ... இருக்கியா. அடுத்தது எங்க?... மண்டையிலயா. சொல்லிட்டு அடிக்கப் போறியா... இரு. இரு மாப்ளே. ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம் குடு, மூச்சு வாங்கிக்கிறேன்...

...ஏய், நீ சும்மா இரு, மாத்திரை அப்புறம் போட்டுக்கிறேன். கதவைச் சாத்திட்டுப் போ... ஒண்ணுமில்ல, உங்கக்கா. எதுக்கு என் முகம் இப்படி வெளுத்துப் போச்சுன்னு கேக்குறா.

மாப்ளே. அடுப்பு ஓரம் வச்சது யாருன்னு எனக்குத் தெரியும்... சொல்றேன். மொதல்ல கையை இறக்கு... இறக்கினியா?... நான்.

...நான்தான்டா. கேக்கலையா? நான்தான் வச்சேன்.

...பொய்யில்ல. அந்த ஆளைக் காப்பாத்த நான் எதுக்குப் பொய் சொல்லணும்? எனக்கு அவர் மாமனா, மச்சானா? எனக்கு மச்சான் நீ ஒருத்தன்தான், அதுவே போதும் போதும்னு இருக்கு... நம்பலையா. சேணம் பக்கத்துலயா இருக்கு? இடது பக்கம் தொங்குற தோல் மடலைத் தூக்கு. உள்ள, காசு அளவுக்கு ஒரு கருகல் இருக்கும். மேல மெழுகு தேச்சிருக்கும், நகத்தால சுரண்டிப் பாரு... இருக்கா?... ம். அது மேஸ்திரிக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. வச்சவனுக்குத்தான் தெரியும்.

...

திட்டு மாப்ளே, நல்லாத் திட்டு.

...ஏன்னா? நீதானேடா கேட்ட. 'அத்தான், பனியில சேணம் கல்லு மாதிரி கிடக்கு, உக்காந்தா பின்பக்கம் விறைச்சுப் போகுது, கோவக்காரியும் முதுகுல சில்லுனு பட்டதும் துள்ளுறா'ன்னு. கேட்டியா இல்லையா?... அதுக்கு அப்புறம் பன்னெண்டு நாளா சேணம் கதகதன்னு இருந்துச்சே, அது தானா வந்துச்சுன்னு நினைச்சியா?... ஆமா, ராத்திரியெல்லாம் தண்ணி காய்ச்சுற ரூம்ல, அந்த இரும்பு அடுப்பை ஒட்டி. சாயங்காலம் கொண்டு போவேன், விடியறதுக்குள்ள எடுத்துட்டு வந்து கட்டையில மாட்டிருவேன். மேஸ்திரி கண்ணுல படாம.

தெரியும். தெரியும்டா. நெருப்புக்கிட்ட சேணத்தைக் கொண்டு போனா கையை ஒடிப்பேன்னு லாயத்துல எல்லார்கிட்டயும் சொன்ன ஆளு நான்தான்... செய்யற முறை எனக்கா தெரியாது? மேல செம்மறித்தோல் போட்டுத் தரணும். அடியில போடுற கம்பளியை வேர்வையோட விட்டா பனியில பலகை மாதிரி ஆயிடும், தினம் உலர்த்தணும். போன வருஷமெல்லாம் அந்தக் கம்பளியை வீட்டுக்குக் கொண்டாந்து படுக்கையில போட்டுத்தான் படுத்தேன். உங்கக்கா, 'எனக்கும் உனக்கும் நடுவுல குதிரை படுத்திருக்கு'ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் படுத்தா. கடிவாள இரும்பைக் கக்கத்துல வச்சுச் சூடாக்கிட்டுத்தான் கோவக்காரி வாய்ல வச்சேன். அவ்வளவும் செஞ்சவன்தான். இந்த வருஷம் உடம்புல தெம்பு இல்ல. குனிஞ்சா நிமிர முடியல. அடுப்பு சும்மாத்தானே எரியுதுன்னு பாத்தேன். சுலபமா இருந்துச்சு.

...எப்ப தெரியுமா? நீ போன் பண்ணி வார் அறுந்துச்சுன்ன பாரு, அப்பவே. எந்திரிச்சு உக்காந்துட்டேன்... ஆமா, அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லல. வேலை போயிடும்னு பயம். அறுபத்து நாலாயிரத்து முன்னூறும் என் தலையில வந்து உக்காரும்னு பயம். உன் மேலயும் பயம்தான்... ஆமா. அந்த ஆளு ரெண்டு பல்லும் முட்டியும் குடுக்குற வரைக்கும் நான் போனைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆமா. ஈனப் பயதான். சொல்லிக்கோ.

மேஸ்திரி காதுல போனை வை... வைடா. அவர்கிட்ட பேசணும்.

மேஸ்திரி?... நான்தாங்க. பேசாதீங்க, வாய் கிழிஞ்சிருக்கும், கேட்டா போதும். சேணத்தைக் கெடுத்தது நான். அவன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. மாசா மாசம் பிடிச்சுக்கோங்க, நான் செத்தாலும் கணக்கு முடியாது, அது வேற... ஆனா ஒண்ணு சொல்றேன். விழுந்தவனைத் தூக்காம சேணத்தைத் தூக்கினீங்களே, அதுக்கு அவன் கை ஓங்கினதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். இரும்பை எடுத்ததுதான் தப்பு... இல்ல, கேளுங்க. காலையில கோவக்காரி வயித்துல காலை வச்சு மிதிச்சு, வாரை ஒரே இழுப்பா இழுத்தீங்களாமே. பனியில முதுகே சூடேறாம நிக்கிற குதிரைங்க அது. கொஞ்சம் இறுக்கி, பத்தடி நடத்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, மூணு தடவையா இழுக்கணும். நீங்க மிதிச்சீங்க, அவ துள்ளினா, நான் காய வச்ச வார் தாங்கல. மூணு பேர் வேலைங்க இது... அழாதீங்க. அவன் இனி அடிக்க மாட்டான். அவன்கிட்ட குடுங்க.

மாப்ளே, கயித்தை அவிழ்... அவிழ்டா. கடன் நோட்டு எங்க இருக்கு?... அவர் சட்டைப் பையிலயா. எழுதட்டும்... எந்தக் கையால?... இடது கையாலயா. வலது கை மரத்துப் போச்சா. அப்பவே சொன்னேன்ல கயித்தைத் தளர்த்துன்னு... எழுதிட்டாரா? என்ன எழுதியிருக்கு?... ஆமா, உனக்குப் படிக்கத் தெரியாது. அவர் என்னத்தை எழுதினாரோ. கதவைத் திற. திற மாப்ளே, அந்தக் காவல்காரனுக்குப் படிக்கத் தெரியும், அவன் வந்து படிக்கட்டும்... இரும்பைக் கீழ போட்டுட்டுத் திற, இல்லன்னா அவன் ஓடிருவான்.

...ம். படிக்கச் சொல்லு. சத்தமா... 'குளிரில் கெட்டது. கழிக்கப்பட்டது.' அவ்வளவுதானா? மறுபடி படிக்கச் சொல்லு... உன் பேரு?... அடிச்சாச்சு. என் பேரு?... இல்லையா? நல்லாப் பாத்தானா?... ஏனாம்? நான்தான் எழுதச் சொன்னேனே... என்ன சொல்றாரு? பல்லு இல்லாம பேசறது உனக்கே புரியலையா... ஓ. இன்னொரு பேரு எழுதினா இன்னொருத்தன் இரும்போட வருவான்னு சொல்றாரா. ம்... முதலாளி நம்புவாரான்னு கேளு... குளிரு வந்து இல்லன்னு சொல்லாது. அதுவும் சரிதான். அறுபத்து நாலாயிரத்து முன்னூறும் குளிர் தலையில.

சரி. முடிஞ்சுது. இப்ப மேஸ்திரியை வண்டியில ஏத்தச் சொல்லு, நீயும் கூடவே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போ... போகலையா? மொதல்ல எங்க?... இங்கயா.

...ம். தெரியும். வருவன்னு தெரியும்... தடுக்க மாட்டேன். வா. வர்ற வழியில கோவக்காரி மேல ஒரு கம்பளியைப் போட்டுட்டு வா... ஒடிஞ்ச பக்கத்துக் கையை ஓங்காத, எலும்பு விலகிடும். நல்ல கையால... ஹலோ? மாப்ளே?... ஹலோ...

வச்சுட்டான்.

ஏய், இங்க வா. உன் தம்பி வர்றான். கதவைத் திறந்து வை... எல்லாம் வந்து அவனே சொல்லுவான். நீ நடுவுல வந்து நிக்காத, அவ்வளவுதான்.